தெற்குப் பார்த்த விளக்கு

14-11-99, ஞாயிறு

விடியலிலிருந்து சாரல். துணி ஒன்றும் காயவில்லை. மிளகுக்கொடி பார்க்க ஆள் சொல்ல வேண்டும், யார் சொல்வது?

போன வாரம் என் வீட்டுக்காரர் போய்விட்டார். கடைசியாக வரைந்த படத்தை அவருடைய அக்கா, என் அண்ணி, இன்று சுவரில் சாய்த்து வைத்தார். மேஜைமேல் கவிழ்த்த சொம்பு, பாதி வெட்டிய மரவள்ளிக்கிழங்கு, காலி மாத்திரை அட்டை, எரியும் விளக்கு. இடுப்பு விழுந்த டிராயிங் மாஸ்டர் வேறு எதை வரைவார்? கட்டிலுக்கு எதிரே அந்த மேஜைதான்.

அண்ணி ஜன்னலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்கண்ணு, வெளக்கு தெக்கால பாத்தல்ல எரியுது? எழவு ஊட்லதான அப்படி வெப்பாங்க?"

16-11, செவ்வாய்

பங்காளிகள் வந்தார்கள். காபி குடித்தார்கள். படம் பார்த்து ஜாதகம் சொன்னார்கள்.

"சொம்பக் கவுத்துட்டாரு, இனித் தண்ணி வேண்டாம்னு. மாத்திரையும் காலி. மாஸ்டரு தானாத்தான் முடிச்சுக்கிட்டாருங்க."

மாரடைப்பு என்று டாக்டர் சொன்னது எவர் காதிலும் ஏறவில்லை. தானாகப் போனவர் கருமாதிக்கு வரமாட்டார்களாம். மாத்திரை முழுதும் என் கையால் வேளைக்கு வேளை கொடுத்தது. பாவிகள்! செத்தும் அந்த மனிதரை விடவில்லை.

18-11, வியாழன்

அரிசி ஊற வைத்தேன், அரைக்கவில்லை. தலைவலி.

எழவே முடியாதவர். மேஜையில் பொருளை எடுத்து வைத்தது யார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் அவர் பேர் போகும்.

அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

"உங்க தம்பி கண்ணுல பட்டத வரைஞ்சாருங்க, அவ்வளவுதான். சொம்பக் கவுத்தது நானுங்க. வெளக்கத் தெக்கால திருப்பினதும் நாந்தான். பொழுது ஏன்டா விடியுதுன்னு இருந்துச்சு. புள்ளையா குட்டியா, எனக்குனு யாரு வெளக்கு வெப்பாங்க? நானே வெச்சுக்கிட்டேன்."

அண்ணி கீரையைக் கீழே போட்டார். வெளியே போய்ப் பங்காளிகளிடம் என்ன சொன்னாரோ தெரியாது.

24-11, புதன்

நேற்று கருமாதி. எல்லாரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள். மழை விட்டது.

மத்தியான பஸ்ஸுக்கு அண்ணி கிளம்பவில்லை. பையை உள்ளே கொண்டுபோய் வைத்தார். அரிவாள்மணையைக் காணோம், கிணற்றுக் கயிற்றையும் காணோம். கேட்டால் காது கேட்காதது போல் இருக்கிறார்.

குளிக்கப் போனேன். கதவுக்கு வெளியே நின்றுகொண்டார்.

"சத்தம் குடு கண்ணு."

தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

"ஊத்துற சத்தம் போதாது சாமி. வாயத் தொறந்து குடு."