மரியாதை இல்லாத ஜெபம்

என் அன்பானவருக்கு,

உடம்பு தேறிவிட்டது. ஆஸ்பத்திரி சலவை அறைக்கு மறுபடி வேலைக்குப் போகிறேன். "எவ்வளவு அமைதியா ஜெபம் பண்றா, பாருங்க" என்று சபையில் மெச்சுகிறார்கள்.

நேற்று டிரையரிலிருந்து எடுத்த துணிகளுக்கு நடுவே, பிறந்த குழந்தையைச் சுற்றும் துணி ஒன்று வந்தது. மடிக்கக் கை வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரைத் திட்டினேன். உங்களோடு சண்டை போடுவேனே, அதே குரலில். "குடுக்கிற மாதிரி குடுத்துட்டுப் பிள்ளையைப் பிடுங்கிக்கிட்டீங்களே, உங்களுக்கு மனசே இல்லையா?" இன்னும் வாய்க்கு வந்ததெல்லாம்.

தொண்டை கட்டியதும் பயம் வந்தது. ஆனால் அவர் என்னை விட்டுப் போய்விடவில்லை. "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் அவரும் கத்தியவர்தானே. இத்தனை நாளும் என் அழகான ஜெபங்களுக்கு அடியில் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எல்லாம் தெரிந்தும் அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறது. துணியை மடித்து வைத்தேன். ராத்திரி அடித்துப் போட்டது போலத் தூங்கினேன்.

வெளியூர் வேலைக்குத் திரும்பிப் போனதிலிருந்து நீங்களும் எனக்கு "நலம், நலமறிய ஆவல்" என்றே எழுதுகிறீர்கள். போதும். நீங்கள் பூட்டிய தொட்டில் அப்படியே நிற்கிறது. லீவு போட்டு வாருங்கள். என்மேல் கோபமிருந்தால் முதலில் திட்டித் தீருங்கள். அப்புறம் இரண்டு பேருமாகத் தொட்டிலைக் கழற்றி வைப்போம்.

உங்கள்
சண்டைக்காரி