மூன்று சுவருக்குத்தான் காசு

சேலம்
5.1.2025

தீபிகா அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பதாக நம்புகிறேன். நம்பிக்கைதான், உறுதி இல்லை. பஸ்ஸில் கொடுத்தனுப்பிய மிளகும், வீட்டு வேலைக்கு நீங்கள் போட்ட கணக்கும் வந்து சேர்ந்தன. மிளகு நன்றாக இருக்கிறது.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கோபப்படாதீர்கள். போனில் நான் எது கேட்டாலும் "செஞ்சுடலாம் புள்ள" என்பீர்கள். பத்து வருஷம் அந்தப் படுக்கையறையில் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். பின்சுவர் ஈரம் போகவில்லை, பாப்பாவுக்கு வீசிங் வந்ததுதான் மிச்சம். எழுதும்போதாவது கை கொஞ்சம் யோசிக்கும்.

கையில் இருப்பது காபி விற்ற நாலு லட்சம். உங்கள் கணக்கும் அச்சாக நாலு லட்சம். ஒரு ஆணி கூடுதலாக வேண்டியிருந்தால் யார் வாசலில் போய் நிற்பீர்கள்? சிமெண்டுக்கு நான் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடையின் விலையைப் போட்டிருக்கிறீர்கள். கடை சேலத்தில் இருக்கிறது, வீடு கரடியூரில் இருக்கிறது. மூட்டை தானாகக் கொண்டை ஊசி வளைவில் ஏறி வருமா? வண்டி வாடகை இல்லை. ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் சுமைக்கூலி இல்லை. மழையில் வேலை நின்றால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. ஆனால் வாசலுக்கு ஆர்ச் மட்டும் இருக்கிறது. நாம் என்ன ரிசார்ட்டா நடத்துகிறோம்?

அறுபதாயிரத்தைத் தொடாமல் தனியே வையுங்கள். மிச்சத்துக்குள் கணக்குப் போடுங்கள். முதலில் கொத்தனாரைக் கூட்டிவந்து அந்த ஈரச் சுவரைக் காட்டுங்கள். நான் கோபித்துக்கொண்டு போய்விட்டேன் என்று ஊர் பேசுகிறது, பேசட்டும். ஈரம் போனால் நாங்கள் வருகிறோம். போகாத வீட்டில் பிள்ளையைப் படுக்கவைக்க என்னால் முடியாது. வேறு கோபம் எதுவும் இல்லை.

உங்கள் கணக்கில் குறை காணும்
வனிதா


கரடியூர்
19.1.2025

அன்புள்ள வனிதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கணக்கிலிருந்து ஆர்ச்சை அடித்துவிட்டேன். அறுபதாயிரத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் இப்போது எழுத வந்தது அதுவல்ல. எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

ஏற்காட்டிலிருந்து சூசைமாணிக்கம் கொத்தனார் வந்திருந்தார். ஈரச் சுவருக்கு என்ன செலவாகும் என்று கேட்டேன். "கொத்திப் பாக்காம தொகை சொல்றது தப்புங்க" என்று உளியை எடுத்தார். கையகலம் பூச்சு உதிர்ந்தது. செங்கல்லும் இல்லை, கல்வரிசையும் இல்லை. உளி எகிறிக்கொண்டு திரும்பியது. இன்னும் கொஞ்சம் மேலே கொத்தினார், அங்கேயும் அப்படியே. நானும் கடப்பாரையை எடுத்தேன். சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி உரித்துவிட்டோம்.

வனிதா, அங்கே சுவரே இல்லை. மலைதான் இருக்கிறது.

ஒரே பாறை. இடமிருந்து வலம்வரை ஒரு விரிசல் கிடையாது. தரைக்குக் கீழேயும் போகிறது, கூரைக்கு மேலேயும் போகிறது. கருநீலமாக, மேலெல்லாம் பொடிப்பொடியாக நீர் துளிர்த்துக்கொண்டு. சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போகும்போது தோளில் படுமே, அதே சில்லிப்பு. கொத்தனார் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். நான் கை வைத்தேன். வைத்த கையை எடுக்க மனசு வரவில்லை.

அப்பா வீடு கட்டியபோது மலைச்சரிவை வெட்டி, பாறைமேலேயே மண்ணும் சுண்ணாம்பும் பூசிவிட்டிருக்கிறார். அவரும் ஒரு பட்ஜெட் போட்டிருக்கிறார் பார். கையில் மூன்று சுவருக்குத்தான் காசு, நாலாவதை மலையிடம் வாங்கிக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. நான் பிறந்தது அந்த அறையில். நாற்பத்தியொரு வயசாகிறது, எதன்மேல் சாய்ந்துகொண்டிருந்தேன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டுக் கண்ணாயி சித்தி எட்டிப் பார்த்தவள் செருப்பைக் கழற்றிவிட்டாள். "உன்ற ஊட்டுக்குள்ளயே இருந்திருக்குதே சாமி" என்று மட்டும் சொன்னாள். காலையில் பார்த்தால் பாறையடியில் யாரோ ஒரு பத்து ரூபாய்க் காசு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைக் கணக்கில் வரவு வைக்கட்டுமா?

பாப்பாவுக்கு என் முத்தம்.

மாதேஷ்


சேலம்
26.1.2025

தீபிகா அப்பாவுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பாப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். "நம்மூட்டுக்குள்ள மலை இருக்குதாம்மா?" என்று கேட்டுவிட்டு நோட்டில் ஒரு வீடு வரைந்து, அதற்குள் ஒரு மலையையும் வரைந்தாள்.

பத்து ரூபாயை வரவு வைக்க வேண்டாம். அப்புறம் உண்டியல் வைக்கத் தோன்றும்.

எனக்கும் அதை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. ஈரம் போகுமா, போகாதா? பெரிய கடிதம் வேண்டாம். அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

வனிதா


கரடியூர்
4.2.2025

அன்புள்ள வனிதாவுக்கு,

போகாது.

இதை எழுதிவிட்டு வெளியே போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் மேலே எழுதுகிறேன். பாறைக்குப் பின்னால் மலை முழுக்கத் தண்ணீர் இருக்கிறது. மழை நின்று இத்தனை நாளாகியும் துளிர்த்துக்கொண்டே இருக்கிறது. எந்த மருந்து பூசினாலும் அது தள்ளிவிடும். "இது ஈரம் இல்லீங்க, மலை மூச்சு உடுது. அத அடைக்க நம்மால ஆகுமுங்களா?" என்கிறார் சூசைமாணிக்கம்.

ஒரு வழி இருக்கிறது. பாறைக்கு முன்னால் அரையடி விட்டு ஒரு செங்கல் சுவர் எழுப்பி டைல்ஸ் ஒட்டிவிடலாம். ஒரு வருஷம் காய்ந்து கிடக்கும். நீயும் வந்து பார்த்துச் சந்தோஷப்படுவாய், பாப்பாவை ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்போம். இரண்டாவது மழைக்கு மறுபடி கறுக்கும். அதற்குள் நீங்கள் இங்கே மறுபடி பழகிவிடுவீர்கள் என்று தோன்றியது. நான்கு நாள் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆசையாக இருந்தது வனிதா. ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு தட்டு மட்டும் கழுவிக் கழுவி எனக்கு வெறுத்துப்போய்விட்டது. ஆனால் அந்தப் பாறைக்கு முன்னால் நின்றுகொண்டு அப்படி ஒரு பொய்ச்சுவர் கட்ட எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவு பெரிசு அது.

ஆகவே அந்த அறையை மலைக்கே விட்டுவிடுகிறேன். கூரையை எடுத்து, கதவை அடைத்து, பாறையடியில் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை மிளகுக்கொடிப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். முன்னால் காபி காயப்போடும் களத்தில் பாதியை எடுத்து ஒரே ஒரு அறை, பக்கத்தில் குளியலறை. காபி காய்கிற இடத்தில் நாளெல்லாம் வெயில் விழும், நீ பார்த்திருக்கிறாய். வண்டி வாடகை, சுமைக்கூலி, வாய்க்கால் எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து நாற்பதாயிரம். சமையலறை டைல்ஸ் இல்லை. புது பீரோ இல்லை. மே மாசம் சேர்வராயன் திருவிழாவுக்கு ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள், அதையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன். களம் பாதியாவதால் அடுத்த வருஷம் காபி காய இரண்டு மடங்கு நாளாகும். அதற்குப் பணமாக என்ன போடுவது என்று தெரியவில்லை.

நீ கேட்டது ஈரம் இல்லாத வீடு. என்னால் தர முடிவது ஈரம் இல்லாத ஒரு அறை. வருவதும் வராததும் உன் விருப்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவோடு வந்து பார்த்துவிட்டாவது போ.

மாதேஷ்


சேலம்
25.2.2025

தீபிகா அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தோம். வளைவுகளில் பாப்பாவுக்கு வாந்தி இல்லை. அங்கே நான் சரியாகப் பேசவில்லை என்று உங்களுக்கு வருத்தம் இருக்கும். பஸ் ஏற்றிவிடும்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கடிதத்தில் படித்தது வேறு, நேரில் வேறு. அறைக்குள் நுழைந்ததும் பார்த்தேன். கட்டில் கிடந்த இடத்துக்கு நேர் பின்னால் அது. பத்து வருஷம் அதற்கும் என் தலைக்கும் நடுவில் விரலளவு பூச்சுதான் இருந்திருக்கிறது. பாப்பா இரண்டு கையையும் கன்னத்தையும் வைத்து நின்றாளே, "அப்பா, இது எவ்வளவு தூரம் உள்ள போகுது?" என்று கேட்டாளே, நீங்கள் "சேர்வராயன் கோயில் வரைக்கும் போகுது கண்ணு" என்றீர்கள். அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே போனது தண்ணீர் குடிக்க இல்லை.

நீங்கள் இருவரும் களத்தை அளக்கப் போனபிறகு தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இடது மூலையில் பூச்சு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. உடைந்த ஓரத்தில் பெயிண்ட் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகிறது. பச்சை, அதன்மேல் ரோஸ், வெளிர்நீலம், மறுபடி பச்சை என்று பத்து அடுக்கு. கடையில் ஷேட் கார்டு பார்த்துப் பழகிய கண், நின்றுவிட்டது. ரோஸ் பாப்பா பிறந்த வருஷம். நீலம் எனக்குக் கருக்கலைந்த வருஷம். ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் அம்மா வீட்டுக்கு மஞ்சக்குட்டை போய்த் திரும்புவதற்குள் நீங்களே அடித்து வைத்துவிடுவீர்கள். கறையை என் கண்ணில் படாமல் மூடுகிறீர்கள், வேலை செய்யச் சோம்பல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்காக உங்களோடு பேசாமல் இருந்திருக்கிறேன்.

இவ்வளவு பெரிய மலை. அதை ஒரு பிரஷையும் ஒரு டப்பா பெயிண்டையும் வைத்துக்கொண்டு வருஷா வருஷம் தடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். தோற்றுப்போனதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூலையில் இருக்கும் அந்தப் பூச்சை மட்டும் உரிக்க வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லுங்கள்.

புது அறைக் கணக்கு சரியாக இருக்கிறது. நான் எதையும் அடிக்கவில்லை. அடுத்த வருஷம் காபி காயப்போட நான் இருப்பேன், அந்த வரிக்குப் பணம் போட வேண்டாம். மே மாசக் கடைசியில் காலி செய்கிறோம் என்று இந்த வாடகை வீட்டுக்காரரிடம் இன்று காலையில் சொல்லிவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனிமேல் மலையோடு மல்லுக்கட்டுவதாக இருந்தால் என்னையும் கூப்பிடுங்கள்.

வனிதா