மனோகரன் ஜீப்பின் பம்பர்

செவ்வாய் இரவு, கந்தப்பளை.

காலையில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய் மனோகரனைப் பார்த்தேன். நேற்று பட்டிப்பொலைப் பக்கம் ஒரு வளைவில், பனிமூட்டத்தில் அவனுடைய ஜீப் மண்மேட்டில் மோதிவிட்டது. விலா எலும்பு மூன்று உடைந்திருக்கிறது. மூச்சுவிடவே சிரமப்படுகிறவன், என்னைக் கண்டதும் சிரித்தான்.

"பாஸ், நீங்க செஞ்சு போட்ட பம்பருல ஒரு கீறல் இல்லீங்க."

அவன் மனைவி சிரிக்கவில்லை. "முன்பக்கம் கொஞ்சம் நசுங்கியிருந்தா இவருக்கு இவ்வளவு அடி வந்திருக்காதுன்னு டாக்டர் சொல்றாருங்க" என்றாள்.

"டாக்டர் எலும்பப் பாக்கட்டும். இரும்பு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வரும் வழியில், நுவரெலியாவுக்கு இழுத்து வந்து நிறுத்தியிருந்த ஜீப்பைப் போய்ப் பார்த்தேன். தடித்த தகட்டில் நானே வரைந்து, வெட்டி, வெல்டிங் செய்த பம்பர் நேராக நிற்கிறது. அதற்குப் பின்னாலிருக்கும் சேசிஸ், வண்டியின் அடிச்சட்டம், இரண்டு பக்கமும் வளைந்து, ஸ்டியரிங் சீட்டை நெருங்கிவிட்டது. கம்பெனி பம்பரை வெறும் தகரம் என்று கேலி செய்து கழற்றிப் போட்டவன் நான். வளையாமல் செய்யத்தான் இத்தனை வருடமும் நானாகப் பழகினேன். எந்த இடத்தில் வளைய விடவேண்டும் என்பது எனக்குத் தெரியாது. இந்த வயதில் யாரிடமும் போய்க் கேட்கவும் மாட்டேன்.

சாயங்காலம் கினிகத்தேனையிலிருந்து ஒரு ஜீப்காரர் போன் பண்ணினார்.

"மனோகரனுக்குப் போட்ட மாதிரியே எனக்கும் ஒன்னு போட்டுத் தாங்க பாஸ். மோதியும் ஒன்னுமே ஆகலியாமே."

மனோகரன் எங்கே கிடக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வியாழக்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.