முட்டு எடுத்த தளம்

திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்கப் புத்தூர் வீட்டுக்கு வந்தாள் ரேகா. நேற்று போர்டிகோ தளம் இடிந்து அவள் தம்பி தரணிமேல் விழுந்ததிலிருந்து, அதைக் கட்டிய மேஸ்திரியான அவள் கணவன் நாகபூஷணம் யார் கண்ணிலும் படவில்லை. ராத்திரி எப்படியும் வீட்டுக்கு வருவான் என்று தோன்றியது. காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்.

"சோறு வடிச்சு வெச்சிருக்கேன், துன்னுங்க. தரணிக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லியாம். 'மாமா, இது பி.பி.சி. சிமெண்ட், மெதுவாத்தான் கெட்டியாகும், தளத்தைத் தாங்குற முட்டுக்கம்பு இன்னும் நாலு நாள் நிக்கட்டும்'னு அவன் சொன்னப்ப நான் சாப்பாடு எடுத்துக்கினு அங்கதான் நின்னேன். அடுத்த வேலைக்கு முட்டு வேணும்னு நீங்கதான் அதை எடுக்க அவனை உள்ள அனுப்பினீங்க.

கண்ணு முழிச்சதும் 'மாமாக்கு அடி இல்லியே'ன்னு கேட்டான்."

பையைத் தோளில் மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வராங்க. நான் கேட்டதைக் கேட்டபடி சொல்லிடுவேன். அதுக்கு முன்னாடி நீங்களே ஸ்டேஷனுக்குப் போயிடுங்க. துவைச்ச சட்டை கொடியில இருக்குது."