கம்பிக்குக் கீழே நின்றவன்

பாட்டியாலா,
14-7-74

அன்பு ஸ்டானி,

செல்வநாதன் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்துவிட்டாய் என்றால் மீதியையும் படித்துவிடு.

இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் அணியில் என் பெயர் வந்துவிட்டது. இங்கே பாட்டியாலா முகாமில்தான் பயிற்சி. செப்டம்பரில் டெஹ்ரான், ஆசிய விளையாட்டுப் போட்டி. ராயபுரம் ரயில்வே ஷெட்டில் ஸ்பேனர் பிடிக்கிறவன் அவ்வளவு தூரம் போகிறான் என்பதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? பத்து வருடம் ஒரே ஹாலில் சேர்ந்துதானே தொங்கினோம்.

ஒரு சங்கடம். உயரக் கம்பியிலிருந்து இறங்கும்போது இரட்டைக் குட்டிக்கரணம் போட்டே ஆக வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். என்னால் முடியவில்லை. கம்பியைச் சுற்றும்போதெல்லாம் கண் கீழே போகிறது, நீ நிற்கிறாயா என்று. இரண்டு வருடம் முன் நான் தலைகீழாக விழுந்தபோது நீ பாய்ந்து வந்து தாங்கினாய். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. உன் வலது தோள் போனது. அதன்பிறகு நீ ஹாலுக்கும் வரவில்லை, நான் வீடு தேடி வந்தபோதும் முகம் காட்டவில்லை.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன்
செல்வநாதன்


சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
3-8-74

செல்வா,

உன் கடிதத்தைப் பிரிக்காமல் ஒரு வாரம் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். ஃப்ளோரன்ஸ்தான் எடுத்து மடியில் போட்டாள். "உனுக்கு கீறது ஒரு தோஸ்து. அவனையும் இல்லேன்னு ஆக்கிக்காதே" என்றாள். கட்டிய மனைவி சொல்லும்போது என்ன செய்ய?

துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் வேலை போய்விட்டது. இப்போது கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறேன். கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. என் கோபம் அதற்காக இல்லை. நான் தோளைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோதே "ஸ்டானி நின்ன எடம்தான் தப்பு" என்று ஹாலே பேசியது. நீயும் கேட்டுக்கொண்டு நின்றாய். நான் நின்ற இடம் சரிதான். நீதான் பயந்து கையைச் சீக்கிரம் விட்டாய். அதனால் உயரம் கிடைக்காமல் தூரமாகப் போனாய். அதனால்தான் நான் பாய வேண்டி வந்தது.

இன்னும் அரை மூச்சு பிடி. கால் விரல் கம்பிக்கு மேலே போன பிறகு விடு. கீழே பார்க்காதே. அங்கே நான் இல்லை.

ஸ்டானிஸ்லாஸ்


டெஹ்ரான்,
10-9-74

அன்பு ஸ்டானி,

நான் சீக்கிரம்தான் விட்டேன். அது எனக்கு அன்றைக்கே தெரியும். வாய் திறந்தால் அணிக்குக் கூப்பிட மாட்டார்களோ என்று பயந்தேன். இப்போது பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டேன். ஹால் செயலாளர் பாஸ்கர் சாருக்கும் எழுதிவிட்டேன். மன்னிப்பாய் என்று எதிர்பார்த்து இதைச் செய்யவில்லை.

இங்கே கண்டதை எப்படி எழுதுவது? ஜப்பான்காரர் ஒருவர் வளையத்தில் ஏறினார். இரண்டு கைகளையும் விரித்துச் சிலுவைபோல நின்றார். கயிறு ஆடவில்லை. முகம் சுளிக்கவில்லை. அத்தனை ஆயிரம் பேரில் ஒரு இருமல் இல்லை. என்னை அறியாமல் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். நாமும் பத்து வருடம் இதைத்தான் செய்தோம் என்று நினைக்கக் கூச்சமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு என் முறை. நான் கீழே பார்க்கவில்லை. கால் விரல் மேலே தெரியும்வரை பிடித்தேன். இன்னும் அரை மூச்சு. விட்டேன். விளக்கு, தரை, விளக்கு, தரை. கால் ஊன்றியது! ஒரே ஒரு அடி பின்னால் வைத்தேன், அவ்வளவுதான். கைதட்டியவர்களில் அந்த ஜப்பான்காரரும் ஒருவர். மொத்தத்தில் எனக்கு இருபத்தாறாவது இடம்.

மேலே ஒரு கணம் உடம்புக்குக் கனமே இல்லை, ஸ்டானி. அந்தக் கணம் உனக்கும் வாய்த்திருக்க வேண்டியது. என்னால் போனது.

செல்வா


சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
22-9-74

அன்புள்ள செல்வா,

நீ திரும்பி வந்ததும் கையில் கிடைக்கட்டும் என்று பாட்டியாலாவுக்கே போடுகிறேன். பாஸ்கர் சார் வீட்டுக்கு வந்தார். "தப்பா பேசிட்டோம்ப்பா" என்று ஃப்ளோரன்ஸ் எதிரிலேயே சொன்னார். அவர் போன பிறகு அவள் அழுதாள்.

உன் கடிதத்தைக் கேட்டில் வைத்துதான் படித்தேன். நீ கையை விட்ட இடம் வந்ததும் எழுந்தே நின்றுவிட்டேன். லாரி டிரைவர் சௌக்கத் அலி, "இன்னா மாமு, பாம்பு கீம்பு கீதா?" என்றான்.

"என் தோஸ்து காத்துல ரெண்டு சுத்து சுத்தி எறங்கிட்டான்டா!" என்றேன்.

"எந்தக் கப்பல்லேர்ந்து?" என்றான்.

கப்பல் இல்லை என்று அவனுக்குப் புரிய வைப்பதற்குள் பின்னால் பன்னிரண்டு லாரி நின்றுவிட்டது. அத்தனை பேருக்கும் நானே சொன்னேன். மனிதன் இறக்கையில்லாமல் அப்படிச் செய்வான் என்று அவர்களில் பாதிப் பேர் நம்பவில்லை. எனக்கே உடம்பு சிலிர்க்கிறது, அவர்களைக் குறை சொல்லி என்ன?

தோளை மன்னித்து வெகுநாளாகிறது. நீ வாய் மூடி நின்றதை மன்னிக்க இன்னும் கொஞ்சம் நாள் கொடு.

ஊருக்கு வந்ததும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே வீட்டுக்கு வா. வஞ்சிரக் குழம்பு ஃப்ளோரன்ஸ் பொறுப்பு. ஏறின படியிலிருந்து இறங்கின தரைவரை எனக்கு முழுதாகச் சொல்ல வேண்டும். கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிடாதே, சொல்லிக்கொண்டே இரு.

உன்
ஸ்டானி