நாற்காலியோடு மூன்று மாடி

மனைவி விழிப்பதற்குள் முதல் பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும். லிஃப்ட் பழுதுபார்க்கும் அவன், வேலைச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் அவளுக்கு அவசர அவசரமாக எழுதினான்.

"குட்டி, நீ பரீட்சைக்குக் கிளம்பு. மூணு வருஷமா படிச்சதை இப்ப விட்டுடாத. உன்கூட வர எடுத்த என் ரயில் டிக்கெட்டை மட்டும் ரத்து பண்ணிட்டேன். உங்கப்பாவை இன்னிக்குப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து அனுப்புறாங்க. இன்னும் நடக்க முடியாதாம். அத்தை ஒருத்தியால முடியாது. நான் போறேன்.

சாப்பாடு டப்பால இருக்கு, சுட வச்சுக்க. சாவியைக் கீழ்வீட்டு அக்காகிட்ட குடு.

'அவர் வாசப்படி மிதிக்க மாட்டேன்'னு நேத்து நான் கத்தினது தப்புதான். ஆனா நீயும் 'உங்கப்பாவா இருந்தா இப்படிச் சொல்வீங்களா'ன்னு கேட்டிருக்க வேணாம். கோவம் இன்னும் போகல."

கடைசி வரியை அடிக்கப் போனவன், இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். கல்யாணமாகி ஆறு வருடமாக மாமனார் அவனை வீட்டுக்குள் விட்டதில்லை. ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. இன்று அவரை என்னவென்று கூப்பிடுவது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

செருப்பை மாட்டியவன் திரும்பி வந்து, சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினான்.

"உங்கப்பா வீட்டுக்கு மூணு மாடி ஏறணும், லிஃப்ட் கிடையாது. என் கை படக்கூடாதுன்னு அவர் சொன்னா, வாட்ச்மேனைக் கூப்பிட்டு நாற்காலியோட தூக்கிடுறோம். மேல விட்டுட்டு நான் படியிலயே உட்கார்ந்துக்கறேன். அத்தை கூப்பிட்டாப் போதும். நீ ரயிலை விட்டுடாத."