அவித்த இலையில் மூட்டிய நெருப்பு

2008 மார்ச் 3, திங்கள்
முகாமையாளர் மகேந்திரராஜா ஐயா சிங்கப்பூரில் ஐந்து நாள் பயிற்சி முடித்து வந்துவிட்டார். இனி எங்கள் கராம்பு இலை எண்ணெய் ஆலை பச்சை ஆலையாம். பசுமைக் குழு அமைத்தாயிற்று. கிளார்க் என்பதால் செயலாளர் நான். முதல் தீர்மானம்: புகைக்கூண்டுக்குப் பச்சை பெயின்ட்.

மார்ச் 12
பெயின்ட் காய்ந்துவிட்டது. புகை கறுப்பாகத்தான் போகிறது.

மார்ச் 19
மின்சாரச் சிக்கனம் பற்றி எங்களுக்குப் படம் காட்டினார். பாதியில் கரண்ட் போனது. மீதிப் படத்துக்காக ஜெனரேட்டரை இரண்டு மணி நேரம் ஓட்டினோம். யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 27
யோசனைப் பெட்டியைத் திறந்தோம். நாற்பத்தொரு துண்டு. முப்பத்தெட்டில் கக்கூஸ் கதவைத் திருத்தச் சொல்லியிருந்தது. ஒன்று, பொயிலருக்கு விறகு போடும் அழகையாவுடையது. அவர் சொல்ல நான்தான் எழுதிக் கொடுத்தேன். எண்ணெய் எடுத்த பிறகு அவித்த இலையை ஓடையில் கொட்டுகிறோமே, அதைக் காயவைத்து எரித்தால் என்ன? மரம் மிஞ்சும், ஓடையும் பிழைக்கும்.

"இங்கிலீசில அறிக்கையாத் தாரும் பிள்ளை. குழுவில வைப்பம்," என்றார் ஐயா.

ஏப்ரல் 8
குழு கூடவேயில்லை. அழகையா பொறுக்க முடியாமல் தானே இலையைப் போட்டுப் பார்த்தார். ஈரம். நெருப்பு அணைந்து அரைநாள் வேலை நின்றது. 'பசுமைத் திட்டத்துக்கு இடையூறு' என்று அவரை வேலையிலிருந்து இடைநிறுத்திவிட்டார்கள். அந்தக் கடிதத்தை டைப் அடித்தவள் நான். அவருக்குப் படிக்கத் தெரியாது, வாசித்துக் காட்டியவளும் நான்.

"நல்லா வாசிக்கிற தாயி," என்றார்.



ஏப்ரல் 22
எண்ணெய் வாங்கும் ஜெர்மன்காரர்கள் நாளை மறுநாள் வருகிறார்கள், நாங்கள் பச்சைதானா என்று பார்க்க. யுத்தம் என்று தம்புள்ளைப் பாதையை ஆமி மூடியிருக்கிறது, விறகு லொறி இல்லை. பொயிலர் ஓடாவிட்டால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் ஆலை?

"அந்த இலைக்காரன் எங்க?" என்று ஐயா கேட்டார்.

பஸ் பிடித்து இரத்தோட்டைக்குப் போனேன். அழகையாவின் லயத்து வீட்டு வாசல் முழுக்க இலை. ஓடையில் கொட்டியதை அள்ளி வந்து, இரண்டு கிழமையாகக் காயவைத்திருக்கிறார். இருபது சாக்கு.

"அந்தக் கடிதத்த வாபஸ் வாங்கட்டும், வர்றேன். இல்லாட்டி இல்ல."

திரும்பி வந்து, ரத்துக் கடிதத்தை டைப் அடித்து ஐயாவிடம் நீட்டினேன்.

"இதென்ன?"

"கையெழுத்துப் போடுங்க ஐயா. அப்புறந்தான் பொயிலர் ஓடும்."

என் குரலா அது? போட்டார்.

ஏப்ரல் 24
அழகையாவின் இலையில் பொயிலர் ஓடியது. ஆர்டர் கிடைத்தது. வந்தவர்கள் ஐயாவுக்குக் கைகொடுத்தார்கள்.

ஜூன் 16
'இலை எரிக்கும் முறை' என்று ஐயா வகுப்பெடுத்தார். அழகையாவும் கட்டாயம் வந்து படிக்க வேண்டுமாம். முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். கால்மணி நேரத்தில், இலை போட ஆளில்லாமல் பொயிலர் சத்தம் தணிந்தது. அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும். நானும்.

கொஞ்ச நேரம் கழித்து ஐயா நோட்டுப் புத்தகத்தோடு பொயிலரடிக்கு வந்தார்.

"எவ்வளவு காய வேணும், அழகையா?"

"எழுதுனா வெளங்காதுங்க. தொட்டுப் பாருங்க."

ஐயா கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, முழங்கை வரை இலைக்குள் கையை விட்டார்.